தண்டுவடத்தில் அடிபட்டவர் வீடு திரும்பிய பிறகு: தோலும் மூத்திரப்பையும்

தண்டுவடத்தில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாதவர் வீட்டுக்கு வந்ததும், பார்க்க வருகிற எல்லோரும் கேட்பது "எப்போ நடப்பார்?" என்பதைத்தான். வீட்டாரும் எண்ணெய் தேய்த்துக் காலை நீவிவிடுவதிலேயே பொழுதைப் போக்கிவிடுகிறார்கள். ஆனால் இவர்களை மறுபடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது பெரும்பாலும் படுக்கைப்புண்ணும் மூத்திரக் கிருமியும்தான்.

படுத்திருக்கும்போது 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவையுங்கள். இரவிலும் அப்படித்தான்; செல்போனில் அலாரம் வைத்துக்கொண்டு வீட்டார் முறை போட்டு எழுந்திருக்கலாம். தோல் தாங்குவதைப் பார்த்து, டாக்டரைக் கேட்டுப் பிறகு இடைவெளியைக் கூட்டலாம். முழுக்க ஒருக்களித்துப் படுத்தால் மொத்த பாரமும் இடுப்பெலும்பின் முனையில் இறங்கும். அதனால் முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து 30 டிகிரி மட்டும் சாய்த்தால் போதும். முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை. கெண்டைக்காலுக்கு அடியில் இன்னொன்று, குதிகால் மெத்தையில் படாமல் தொங்க வேண்டும்.

ஏர்பெட் வாங்கிவிட்டோமே என்று புரட்டுவதை நிறுத்தாதீர்கள். கரண்ட் போனால் பல ஏர்பெட்களில் காற்று இறங்கிவிடும். மெத்தைக்கு அடியில், இடுப்புக்கு நேராக உள்ளங்கையை விட்டுப் பாருங்கள். எலும்பு கையில் தட்டுப்பட்டால் அந்த மெத்தை பாரத்தைத் தாங்கவில்லை என்று அர்த்தம். நடுவில் ஓட்டை உள்ள வளையக் குஷன் வேண்டவே வேண்டாம். ஓட்டையைச் சுற்றியுள்ள தோலை அழுத்தி ரத்த ஓட்டத்தைத் தடுக்கும்.

காலையும் இரவும் வால் எலும்பு, உட்காரும் எலும்புகள், இடுப்பு, கணுக்கால், குதிகால் எல்லாவற்றையும் வெளிச்சத்தில் பாருங்கள். மாநிறத் தோலில் சிவப்பு தெரியாது. கறுத்தோ, சூடாகவோ, கெட்டியாகவோ இருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தும் நிறம் வெளுக்கவில்லை என்றால் புண் தொடங்கிவிட்டது. தேய்த்துவிடாதீர்கள், உள்ளே சதை இன்னும் நைந்துபோகும். நிறம் பழையபடி ஆகும்வரை அந்த இடத்தில் துளி பாரமும் கூடாது.

வீல்சேரில் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை முன்னால் நன்றாகக் குனிந்து, 2 நிமிடம் அப்படியே இருக்க வேண்டும். கையை ஊன்றிச் சட்டென்று எழும்பி உட்கார்ந்தால் ரத்தம் திரும்பப் பாய நேரம் போதாது. பின் பாக்கெட்டில் சாவி, பர்ஸ் வைக்கக் கூடாது. சூடான சாப்பாட்டுத் தட்டை மடியில் வைப்பதும் கூடாது, வெந்துபோனாலும் தெரியாது.

மூத்திரத்தை டியூப் விட்டு அவ்வப்போது எடுப்பவர்கள் 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அளவுக் கோப்பையில் பிடித்து நோட்டில் எழுதுங்கள். 500 மில்லியைத் தாண்டினால் மூத்திரப்பை அதிகமாக விரிகிறது, இடைவெளியைக் குறையுங்கள். கிருமிக்குப் பயந்து தண்ணீரைக் குறைப்பது பெரிய தப்பு. டாக்டர் வேறு அளவு சொல்லாதவரை நாளுக்கு 2 லிட்டர் குடிக்கட்டும். இரவு 7 மணிக்கு மேல் மட்டும் குறைக்கலாம். நிரந்தரக் குழாய் போட்டிருந்தால் மூத்திரம் சேருகிற பிளாஸ்டிக் பை எப்போதும் மூத்திரப்பைக்குக் கீழேதான் இருக்க வேண்டும், ஆளைத் தூக்கும்போதும்கூட. கலங்கல், நாற்றத்தோடு காய்ச்சலோ வழக்கத்தைவிட அதிகமாகக் கால் வெட்டி இழுப்பதோ சேர்ந்தால் அன்றே டாக்டரிடம் போங்கள்.

மலத்துக்கு ஒரே நேரத்தைப் பழக்குங்கள். சூடாக ஏதாவது குடித்து அரைமணி கழித்து உட்காரவைத்தால் எளிது. வீட்டில் பிசியோதெரபிக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம். மாற்றுத்திறனாளிகளுக்கான யுடிஐடி அடையாள அட்டைக்கும் சீக்கிரமே விண்ணப்பியுங்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் அடிபட்ட இடம் டி6 (நெஞ்சுப் பகுதி முதுகெலும்பில் ஆறாவது) அல்லது அதற்கு மேல் என்று இருந்தால் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். திடீரென்று மண்டை வெடிக்கிற தலைவலி, முகம் சிவந்து வியர்ப்பது என்று வந்தால் பிரஷர் எகிறுகிறது. படுக்கவைக்காதீர்கள். உடனே நிமிர்த்தி உட்காரவைத்து இடுப்புப் பட்டையைத் தளர்த்துங்கள். குழாய் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். குழாய் இல்லாவிட்டால் மூத்திரத்தை எடுங்கள். அப்படியும் சில நிமிடத்தில் தணியவில்லை என்றால் 108. இவர்களுக்கு வழக்கமான பிரஷரே (மேல் அளவு) பல சமயம் 90, 100 என்றுதான் இருக்கும், அதனால் 140-ஐப் பார்த்து "பரவாயில்லையே" என்று சொல்லிவிட வாய்ப்புண்டு. வழக்கமான அளவை ஒரு சீட்டில் எழுதி வீல்சேர் பையிலேயே வைத்திருங்கள், டியூட்டி டாக்டரிடம் முதலில் அதைக் காட்டலாம்.