திரையில் ஒற்றைக் கோடு: பழைய ஆர்கேட் மானிட்டரை முதல்முறை சரிசெய்வது எப்படி?

பழைய வீடியோ கேம் பெட்டி ஒன்று கைக்கு வந்து, அதில் படம் தெரியவில்லை என்றால் உடனே பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். பிக்சர் டியூப் போனால் புதிது வாங்குவது நடக்காத காரியம். ஆனால் முதலில் கெடுவது பெரும்பாலும் டியூப் அல்ல. கீழே இருக்கும் போர்டில் காய்ந்துபோன கண்டன்சர் (மின்சாரத்தைத் தேக்கும் சிறு உருளை) அல்லது போர்டோடு ஒட்டவைத்த ஈயம் விட்டுப்போன ஒரு உறுப்பின் கால்தான். சேலத்து வெயிலில் கண்டன்சர் காயும். ஏற்காட்டு மூடுபனியில் இணைப்புகள் துருப்பிடிக்கும். மலையிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கி இறங்கும் பெட்டியில், ஏற்கெனவே பலவீனமான ஈயம் விட்டுப்போகவும் வாய்ப்பு உண்டு.

முதலில் உயிர், அப்புறம் மானிட்டர்

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் டியூபில் 20,000 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கலாம். டியூபின் மேல் ரப்பர் மூடி ஒன்றும், அதற்குள் போகும் தடித்த ஒயரும் தெரியும். நல்ல பிளாஸ்டிக் பிடி உள்ள நீளமான ஸ்குரூடிரைவரில் கிளிப் ஒயரை மாட்டுங்கள். மறுமுனையை டியூபின் பின்புறக் கறுப்புப் பூச்சின் மேல் ஓடும் பின்னல் கம்பியில் மாட்டுங்கள். போர்டில் மாட்ட வேண்டாம். ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மறுகையால் ஸ்குரூடிரைவர் முனையை ரப்பர் மூடிக்கு அடியில் நுழைத்து உள்ளிருக்கும் உலோகத்தைத் தொடுங்கள். 'டப்' என்று சத்தம் வரலாம். சில நிமிடம் கழித்து இன்னொரு முறை செய்யுங்கள், ஏனென்றால் டியூபில் மின்சாரம் கொஞ்சம் திரும்பித் தேங்கும்.

பவர் பகுதியின் பெரிய கண்டன்சரிலும் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம். ஹோல்டரில் மாட்டிய குண்டு பல்பின் இரண்டு ஒயர்களையும் அதன் கால்களில் சிறிது நேரம் வைத்து, மீட்டரில் பார்த்த பிறகே கை வையுங்கள். மோதிரம், வாட்ச் வேண்டாம். பக்கத்தில் யாராவது இருக்கட்டும். டியூபின் கழுத்து மெல்லிய கண்ணாடி. அதைத் தட்டிவிட்டால் டியூபே போச்சு.

இன்னொன்று: ஜப்பான் மானிட்டர் என்றால் 100 வோல்ட், அமெரிக்க மானிட்டர் என்றால் 120 வோல்ட் கேட்கும். நம் 230 வோல்ட்டை நேராகக் கொடுக்கக் கூடாது. பல மாடல்களில் போர்டின் கிரவுண்டே மெயின் லைனோடு சேர்ந்திருக்கும் என்பதால், மெயின் லைனிலிருந்து மானிட்டரைப் பிரித்து வைக்க பெட்டிக்குள் இருக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மரை விட்டுவிட்டு ஓட்டவே கூடாது. மின்சாரம் ஓடும்போது அளக்கும் வேலையை இப்போதைக்கு அனுபவமுள்ள டிவி மெக்கானிக்கிடம் விடுங்கள்.

அறிகுறியைப் பாருங்கள்

குறுக்கே ஒரே ஒரு வெள்ளைக் கோடு: இதுதான் நீங்கள் அதிகம் பார்க்கப்போவது. ஹை வோல்ட்டேஜ் வருகிறது, டியூப் உயிரோடு இருக்கிறது என்பதற்கு இதுவே சாட்சி. படத்தை மேலும் கீழும் விரிக்கும் வெர்டிகல் பகுதி மட்டும் வேலை செய்யவில்லை. பிரைட்னஸைக் குறைத்து உடனே அணையுங்கள், இல்லையென்றால் அந்தக் கோடு திரையில் நிரந்தரமாகப் பதிந்துவிடும். ஹீட்சிங்க்கில் (சூட்டை இழுக்கும் உலோகத் தகட்டில்) மாட்டியிருக்கும் வெர்டிகல் ஐசியின் கால்களையும், யோக் (டியூபின் கழுத்தைச் சுற்றியிருக்கும் காயில்) ஒயர் வந்து சேரும் சாக்கெட்டையும் லென்ஸ் வைத்துப் பாருங்கள். காலைச் சுற்றி மெல்லிய வட்ட விரிசல் தெரிந்தால் பழைய ஈயத்தை உறிஞ்சிவிட்டுப் புதிதாக வையுங்கள். அதிலும் சரியாகவில்லை என்றால் அந்த ஐசிக்குப் பக்கத்திலுள்ள எலக்ட்ரோலைட்டிக் கண்டன்சர்களை ஒவ்வொன்றாக மாற்றுங்கள். மைக்ரோஃபாரட் அதே அளவு, வோல்ட் அதே அளவோ கூடுதலோ, 105 டிகிரி ரகம். கழற்றும் முன் போட்டோ எடுத்து வையுங்கள். கூட்டல், கழித்தல் மாறினால் வெடிக்கும். கடைசியாக ஐசி, அதற்கு வோல்ட் கொண்டுவரும் ரெசிஸ்டர் இரண்டையும் சந்தேகப்படுங்கள்.

ஒரு நிறம் மட்டும் இல்லை: சிக்னல் கேபிளில் அந்த நிறத்தின் ஒயரையும் இன்னொரு நிறத்தின் ஒயரையும் இடம் மாற்றிப் போடுங்கள். காணாமல் போகும் நிறமும் மாறினால் கேம் போர்டிலோ அதன் ஒயரிலோ கோளாறு. மாறவில்லை என்றால் டியூபின் கழுத்தில் செருகியிருக்கும் நெக் போர்டைப் பாருங்கள்.

படம் நிற்காமல் உருண்டால், கேம் போர்டிலிருந்து படத்தை நிலைநிறுத்தும் சிக்னலைக் கொண்டுவரும் சிங்க் ஒயரைப் பாருங்கள். ஓரம் நெளிந்தால் பெரும்பாலும் பவர் பகுதியின் பெரிய கண்டன்சர்தான்.

'உஸ்' சத்தத்தோடு ரப்பர் மூடியைச் சுற்றி நீல ஒளி: மலையில் ஈரத்தில் கிடந்த பெட்டிகளில் இதை எதிர்பார்க்கலாம். முன்பு சொன்னபடி டியூபில் தேங்கிய மின்சாரத்தை டிஸ்சார்ஜ் செய்து, மூடியின் அடியையும் சுற்றியுள்ள கண்ணாடியையும் ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, நன்றாக உலர விடுங்கள்.

எதுவுமே எரியவில்லை, ஃபியூஸ் கறுத்திருக்கிறது: எங்கோ ஷார்ட். ஹை வோல்ட்டேஜ் பகுதியை ஓட்டும் லைன் அவுட்புட் டிரான்சிஸ்டரின் மூன்று கால்கள் பேஸ், கலெக்டர், எமிட்டர். பிளக்கைப் பிடுங்கிய நிலையில் மீட்டரை ஓமில் வைத்து அளக்கும்போது, கலெக்டருக்கும் எமிட்டருக்கும் இடையே இரண்டு பக்கமும் பூஜ்யம் காட்டினால் அது போய்விட்டது. பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையே சில பத்து ஓம் காட்டினால் பயப்பட வேண்டாம். பல டிரான்சிஸ்டர்களில் உள்ளேயே ரெசிஸ்டர் இருக்கும். ஃபியூஸுக்குப் பதில் செம்புக் கம்பி வைக்கும் பழக்கத்தை அடியோடு விடுங்கள். தீப்பிடிக்கும்.

மறுபடி ஆன் செய்யும்போது

மெக்கானிக்குகள் வைத்திருக்கும் சீரிஸ் போர்டு போல, 100 வாட் குண்டு பல்பு ஒன்றை லைனில் வரிசையாகக் கோர்த்துக்கொள்ளுங்கள். எல்இடி பல்பு உதவாது. டியூபைச் சுற்றி ஓடும், திரையின் காந்தத்தை நீக்கும் டீகாஸ் காயிலின் சாக்கெட்டை முதலில் பிடுங்கிவிடுங்கள். பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. பளிச்சென்றே நின்றால் ஷார்ட் இன்னும் இருக்கிறது, அணைத்துவிட்டுத் தேடுங்கள்.

படம் வந்ததும் உயரம், அகலம் திருத்தும்போது பிளாஸ்டிக் டிரைவர்தான் பிடிக்க வேண்டும். பி பிளஸ் (B+, மானிட்டரின் முக்கிய வோல்ட்) என்று போட்டிருக்கும் பிரீசெட்டை, அதாவது திருகித் திருத்தும் சிறு குமிழை, தொடாதீர்கள். ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். பெட்டி திரும்ப மலை ஏறப் போகிறது என்றால், மானிட்டரைப் பிடிக்கும் போல்ட்டுகள் எல்லாவற்றையும் கிளம்பும் முன் முடுக்கிவிடுங்கள்.