பிரைட்டன் போகிறீர்களா? திதியையும் பாருங்கள்

இங்கிலாந்தின் பிரைட்டன் கடற்கரைக்கு அமாவாசை, பௌர்ணமி கழிந்த ஓரிரு நாளில், கடல் வற்றும் நேரமாகப் பார்த்துப் போங்கள். கரை முழுக்கக் கூழாங்கல். வெறுங்காலில் பத்தடி நடந்தாலே உள்ளங்கால் நொந்துவிடும். அந்த நாட்களில் கடல் நன்றாக உள்வாங்குவதால் கல்மேட்டுக்குக் கீழே ஈரமணல் தலைகாட்டும், பிள்ளைகள் கால் பதித்து விளையாடலாம். மேட்டைக் கடக்கப் பழைய செருப்பே போதும், தனியாகக் கடல் செருப்பு வாங்கும் செலவு மிச்சம். கோடையில் அந்த நாட்களில் கடல் வற்றும் நேரம் பெரும்பாலும் மாலை 6, 7 மணி வாக்கில் வரும். சரியான நேரத்தை ஓத அட்டவணையில் (கடல் ஏறி வற்றும் நேரப் பட்டியலில்) பார்த்துக்கொள்ளுங்கள்.

அஷ்டமியை ஒட்டிய நாட்களில் கடல் அவ்வளவு வற்றாது, மணலை எதிர்பார்க்க வேண்டாம். காற்று பலமாக அடித்தால் எந்தத் திதியானாலும் தண்ணீரில் இறங்காதீர்கள்; அலை கல்லோடு சேர்த்துக் காலை வாரிவிடும்.