ஜி.பி.எஸ். இயற்கணிதத்தைப் பத்தாம் வகுப்பில் கற்பிக்கும் முறை

இடம் அறிய மூன்று செயற்கைக்கோள்கள் போதாமல் நான்கு ஏன் தேவைப்படுகின்றன என்ற கேள்வியை மையமாக வைத்துப் பாடத்தை அமைத்தால், இருபடிச் சமன்பாட்டைக் காரணிப்படுத்தத் தெரிந்த மாணவர்கள் விடையைத் தாங்களே கண்டடைவார்கள்.

முப்பரிமாணத்தைத் தொடக்கத்திலேயே கொண்டுவர வேண்டாம். வரைபடத்தாளில் (0, 0), (14, 0), (0, 24) ஆகிய புள்ளிகளில் மூன்று சமிக்ஞை நிலையங்களைக் குறித்து, ஒளி 1 மைக்ரோ நொடியில் கடக்கும் ஏறத்தாழ 300 மீட்டரை ஓர் அலகாகக் கொள்ளுங்கள். சமிக்ஞை வந்துசேர எடுக்கும் நேரத்தைக் கொண்டே இடமறியும் கருவி தொலைவைக் கணக்கிடுகிறது; இந்த அலகில் நேரமும் தொலைவும் ஒரே எண்ணாகிவிடுவதால் பெருக்கும் வேலை மிச்சமாகும். தொலைவுகள் முறையே 15, 13, 15 அலகுகள் எனக் கொடுத்து, கருவி கிழக்கே 'கி' அலகும் வடக்கே 'வ' அலகும் தள்ளி இருப்பதாகக் கொண்டால்,

கி² + வ² = 15²
(கி − 14)² + வ² = 13²
கி² + (வ − 24)² = 15²

முதல் சமன்பாட்டிலிருந்து மற்ற இரண்டையும் தனித்தனியே கழிக்கும்போது வர்க்க உறுப்புகள் நீங்கி நேரியல் சமன்பாடுகளே எஞ்சும்; கி = 9, வ = 12. கவராயத்தால் மூன்று வட்டங்களையும் வரைந்து இதைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

பாடத்தின் உயிர் அடுத்த கட்டத்தில்தான் இருக்கிறது. செயற்கைக்கோளில் அணுக் கடிகாரம் உண்டு. கைபேசியில் இருப்பதோ மலிவான குவார்ட்ஸ் கடிகாரம், அது 2 மைக்ரோ நொடி முந்தினாலே ஒவ்வொரு தொலைவும் 600 மீட்டர் கூடிவிடும். எல்லா அளவீடுகளிலும் ஒரே பிழை சேர்கிறது என்பதால் அதை 'பி' என்ற மாறியாக்கி, தொலைவுகளை 17, 15, 17 என மாற்றிக் கொடுங்கள். வலப்பக்கங்கள் இப்போது (17 − பி)², (15 − பி)², (17 − பி)² ஆகும். முன்போலக் கழித்தால் வ = 12, கி = (65 − பி)/7 எனக் கிடைக்கும். இவற்றை முதல் சமன்பாட்டில் இட்டுச் சுருக்கினால்,

பி² − 32பி + 60 = 0

பி = 2 அல்லது 30. இவற்றில் 30-ஐ ஆசிரியரே அடித்துவிடக் கூடாது. அதை ஏற்றால் உண்மைத் தொலைவு 17 − 30 = −13 என்றாகிவிடும்; தொலைவு குறை எண்ணாக முடியாது என்பதையும், வர்க்கப்படுத்தியபோது குறி மறைந்ததால்தான் இந்த மூலம் நுழைந்தது என்பதையும் மாணவர்களே சொல்லட்டும்.

தளத்தில் மூன்று மாறிகளுக்கு மூன்று நிலையங்கள் தேவைப்பட்டன. உயரமும் சேர்ந்தால் மாறிகள் நான்காகும். சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களில் நான்காவது எதற்கு என்பதை இனி விளக்க வேண்டியிருக்காது. நடைமுறையில் கருவிகள் பெரும்பாலும் ஒரு தோராய விடையில் தொடங்கி அதைப் படிப்படியாகத் திருத்துகின்றன என்பதை ஒரு வரியில் சொன்னால் போதும்.

புதிய கணக்குகளை உருவாக்க, 9-12-15, 5-12-13 போன்ற பிதாகரஸ் மும்மைகளைக் கொண்டு நிலையங்களை அமைத்து, எல்லாத் தொலைவுகளோடும் ஒரே எண்ணைக் கூட்டுங்கள். இருபடிச் சமன்பாட்டின் ஒரு மூலம் அந்த எண்ணாகவே வரும்.