கடை வாசலில் நன்கொடை கேட்கிறார்களா? கையெழுத்துக்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை

இரண்டு கையிலும் பை. பாண்டி பஜார் நடைபாதையிலோ ஏதோ ஒரு மாலின் நுழைவாயிலிலோ, கழுத்தில் அடையாள அட்டையும் கையில் டேப்லெட்டுமாக ஓர் இளைஞர் குறுக்கே வந்து, “சார், ஒரே நிமிஷம்!” என்கிறார். எரிச்சலாக இருக்கிறது. நல்ல காரியத்துக்குக் கேட்பவரை விரட்டுகிறோமே என்று உறுத்தவும் செய்கிறது. அந்த உறுத்தலில்தான் பலர் நிற்கிறார்கள். நின்றவர்களில் சிலர் ஓடிபி வரை போய்விடுகிறார்கள்.

அவருக்கு வேண்டியது உங்கள் பையிலிருக்கும் நூறு ரூபாய் இல்லை. நூறை நீட்டினால் பெரும்பாலும் வாங்கவே மாட்டார். உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து மாதாமாதம் தானாகப் பிடித்துக்கொள்ளும் ஒப்புதல், அதாவது மேண்டேட், அதைத்தான் கேட்கிறார். “ஒர்க் பண்றீங்களா? வயசு என்ன சார்?” என்று முதலிலேயே கேட்பது குசலம் விசாரிக்க அல்ல. நிலையான சம்பளக்காரர்தான் தொடர்ந்து கட்டுவார் என்பதால் வடிகட்டுகிறார். பல இடங்களில் இவர்கள் அந்தத் தொண்டு நிறுவனத்தின் ஊழியர்களும் அல்ல, ஏஜென்ஸி ஆட்கள். நாளுக்கு இத்தனை பேர் என்று டார்கெட் உண்டு. ஆள் சேர்க்கும் செலவை ஈடுகட்டவே உங்கள் முதல் சில மாதப் பணம் போய்விடுவது இந்த முறையில் சகஜம். இதனால் அந்த நிறுவனம் மோசடி என்று ஆகிவிடாது. பணம் திரட்ட அவர்கள் பிடித்த வழிக்குச் செலவு அதிகம், அவ்வளவுதான். அதனால்தான் சொல்கிறோம்: வாசலில் கையெழுத்து வேண்டாம். கொடுக்க மனமிருந்தால் பெயரை மட்டும் வாங்கிக்கொண்டு, வீட்டுக்குப் போய் நீங்களே கொடுங்கள்.

நிற்காமல் கடப்பது

நடையின் வேகத்தைக் குறைக்காதீர்கள். முகத்தைப் பார்த்து ஒரே ஒரு முறை “வேண்டாங்க” என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள். காரணம் மட்டும் சொல்லாதீர்கள். ஒவ்வொரு காரணத்துக்கும் பயிற்சியிலேயே ஒரு பதில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். “டைம் இல்லை” என்றால் “ரெண்டே நிமிஷம் சார், நடந்துகிட்டே பேசலாம்”. “ஏற்கெனவே வேற இடத்துக்குக் கொடுக்கறேன்” என்றால் “சூப்பர் மேடம், எந்த என்ஜிஓ?” “கையில காசு இல்லை” என்றால், காசே வேண்டாமே, யூபிஐ போதுமே! “யோசிச்சுச் சொல்றேன்” என்பதுதான் இருப்பதிலேயே மோசமான பதில். உடனே போன் நம்பர் கேட்பார்; கொடுத்தால் வாரக்கணக்கில் அழைப்பு வரும்.

“இது டொனேஷன் இல்லை சார், அவேர்னஸ் மட்டும்தான்” என்பதையும் நம்ப வேண்டாம். கை குலுக்க நீட்டுவதும், ஸ்டிக்கர் ஒட்ட வருவதும், “இந்தப் படத்துல இருக்கற குழந்தைக்கு என்ன வயசிருக்கும்?” என்று கேட்பதும் எல்லாம் உங்களை நிறுத்தத்தான். திட்டவும் வேண்டியதில்லை. வெயிலில் நிற்கும் அந்தப் பையனுக்கு நீங்கள் அன்றைய நூறாவது “வேண்டாம்”. இன்னொரு ஏச்சால் எதுவும் மாறப்போவதில்லை.

நின்றுவிட்டீர்கள் என்றால்

மூன்றே கேள்வி போதும். நிறுவனத்தின் பதிவுப் பெயர் என்ன? நீங்கள் அதன் ஊழியரா, ஏஜென்ஸியா? ஒரு முறை மட்டும் கொடுக்க வழி உண்டா? முகம் சுளிக்காமல் பதில் சொன்னால் துண்டறிக்கையை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். மூன்றாவது கேள்வி வந்ததுமே பேச்சு மாதத் தொகைக்குத் தாவும்: ஆயிரத்தில் ஆரம்பித்து எண்ணூறு, ஐந்நூறு என்று இறங்கும். எவ்வளவு இறங்கினாலும் அது மாதாமாதம்தான்.

அவர் டேப்லெட்டில் உங்கள் கார்டு எண்ணையோ, கணக்கு எண்ணையோ, ஆதார் எண்ணையோ பதியாதீர்கள். மேண்டேட்டை ஆதார் ஓடிபி வைத்தே முடித்துவிடலாம் என்பதால், “வெரிஃபிகேஷனுக்குத்தான்” என்று கேட்கும் அந்த ஆறு இலக்கமே உங்கள் கையெழுத்து ஆகிவிடும். காகிதப் படிவமாக இருந்தால் தொகை எழுதும் இடத்தில் கண் வையுங்கள். நிலையான தொகையா, அதிகபட்சத் தொகையா என்று தேர்வு இருக்கும். மாதம் 500 என்று வாயால் சொல்லிவிட்டு, அதிகபட்சம் 5,000 என்று குறித்திருந்தால், 5,000 வரை எடுக்க நீங்கள் சம்மதித்ததாகத்தான் வங்கி எடுத்துக்கொள்ளும். முடிவு தேதியையும் பாருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் வருமான வரித்துறை இணையதளத்தில் அந்தப் பெயருக்கு 80ஜி பதிவு (நன்கொடை கொடுப்பவருக்கு வரிக்கழிவு கிடைக்கச் செய்யும் பதிவு) இருக்கிறதா, அது எதுவரை செல்லும் என்று தேடுங்கள். நிதி ஆயோக்கின் என்ஜிஓ தர்ப்பண் தளத்திலும் பாருங்கள்; ஆனால் தர்ப்பண் எண் வெறும் பதிவுதான், அரசு கொடுத்த நற்சான்று இல்லை. பிரபலமான பெயரோடு ஓர் எழுத்து, ஒரு சொல் கூட்டிக் குறைத்த பெயர்கள் உலவுவதால், எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். சரியாக இருந்தால் அவர்களின் சொந்த இணையதளத்தில் ஒரு முறை மட்டும் செலுத்துங்கள்.

“ஃபுல் டாக்ஸ் பெனிஃபிட் சார்!”

பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு மட்டுமே 80ஜி கழிவு உண்டு; புதிய முறைக்கு மாறியவர்களுக்கு ஒரு பைசா கிடையாது. பழைய முறையிலும் பெரும்பாலான தொண்டு நிறுவனங்களுக்குப் பாதித் தொகைதான் கழியும். மாதம் ரூ.1,000 வீதம் ஆண்டுக்கு 12,000 கொடுத்தால், வருமானத்தில் 6,000 குறையும். 30 சதவீத வரி வரம்பில் இருப்பவருக்கு அதில் மிச்சம் 1,800 ரூபாய், செஸ் சேர்த்தால் 1,872. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கழிவே இல்லை. ரசீது மட்டும் இருந்தால் போதாது. நிறுவனம் வரித்துறையில் கணக்குத் தாக்கல் செய்து 10பிஇ என்ற நன்கொடைச் சான்றிதழ் தர வேண்டும். பெயரும் பான் எண்ணும் தவறாகப் பதிவானால் அதுவும் சிக்கும்.

போட்ட கையெழுத்தை நிறுத்துவது

எந்த வழியாகப் பிடிக்கிறார்கள் என்று முதலில் கண்டுபிடியுங்கள். வங்கி ஸ்டேட்மென்டில் அந்த வரியைப் பார்த்தாலே தெரியும்.

யூபிஐ ஆட்டோபே என்றால் எளிது: செயலியில் ஆட்டோபே அல்லது மேண்டேட் பகுதிக்குப் போய், நிறுவனத்தின் பெயரைத் தொட்டு ரத்து செய்தால் முடிந்தது. கார்டு என்றால் வங்கியின் தளத்தில் இ-மேண்டேட் பகுதியில் நீக்கலாம். இந்த இரண்டிலும் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே அறிவிப்பு வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்தச் செய்தியைத் தள்ளிவிடாமல் படித்தாலே பாதி வேலை முடியும்.

சிக்கல் நாச் மேண்டேட்டில்தான், அதாவது வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாகத் தவணை பிடிக்கும் முறையில். இது கார்டில் இல்லை, கணக்கிலேயே உட்கார்ந்திருக்கும். அதனால் கார்டை பிளாக் செய்வதால் எந்தப் பயனும் இல்லை. கணக்கைக் காலியாக வைத்தால் பணம் எடுக்க முடியாமல் மேண்டேட் திரும்பும், அதற்கு வங்கி உங்களிடம்தான் அபராதம் பிடிக்கும். நெட்பேங்கிங்கில் மேண்டேட்டை ரத்து செய்யும் வசதி இருந்தால் அங்கேயே முடியுங்கள். இல்லையென்றால் யூஎம்ஆர்என் என்ற மேண்டேட் குறிப்பு எண்ணோடு கிளையில் கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். அதே நாளில் நிறுவனத்துக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள். நிறுவனத்திடம் மட்டும் சொல்லிவிட்டு இருந்தால், அடுத்த மாதப் பட்டியல் அதற்குள் வங்கிக்குப் போயிருக்கும். இன்னொரு தவணை போகும். பணம் பிடிக்கும் தேதிக்குப் பத்து நாள் முன்பாவது இதைச் செய்வது நல்லது. வங்கி 30 நாளில் தீர்க்கவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் ஆன்லைனிலேயே புகார் கொடுக்கலாம்; விவரம் கேட்க 14448. நீங்கள் சம்மதிக்காமலே பணம் போனால் அது வேறு கதை: தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள்.

உண்டியலும் பில் கவுன்டரும்

லேமினேட் செய்த மருத்துவமனைப் படத்தையும் உண்டியலையும் காட்டிக் கேட்பவரிடம் சரிபார்க்க எதுவும் இருக்காது. கொடுத்தால் திரும்பிப் பார்க்காத பணம் என்று நினைத்துக் கொடுங்கள். ஜிபே மட்டும் வேண்டாம், பெயரும் நம்பரும் போய்விடும். பில் போடும்போது “சில்லறையை டொனேட் பண்ணிடலாமா?” என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. கேட்காமலே சேர்த்துவிட்டார்களா என்று பில்லின் கடைசி வரிகளைப் பாருங்கள். சேர்த்திருந்தால் பணம் கட்டும் முன் எடுக்கச் சொல்லுங்கள்.

மாலுக்குள் டேப்லெட் இளைஞர்கள் நிற்பது நிர்வாகத்தின் அனுமதியோடுதான். வழி மறித்தாலோ, பின்னாலேயே வந்தாலோ, தனியாக வந்த பெண்ணைச் சூழ்ந்து நின்றாலோ, அந்த இளைஞரோடு வாக்குவாதம் செய்யாமல் தரைத்தள உதவி மேசைக்குப் போங்கள். நேரம், எந்த வாசல், அடையாள அட்டையிலுள்ள நிறுவனப் பெயர், எண் ஆகிய நான்கையும் எழுத்தில் கொடுங்கள். “யாரோ தொல்லை பண்றாங்க” என்றால் காவலாளி தலையாட்டுவதோடு சரி. எண்ணோடு புகார் போனால், அனுமதியைப் புதுப்பிக்கும்போது அது மேசைக்கு வரும்.