‘ஆங்ரி ஆன் மீ’ வேண்டாம்: கோபத்தை ஆங்கிலத்தில் சொல்லும்போது சறுக்கும் இடங்கள்

கோபத்துக்கு ஆங்கிலத்தில் இருபது மரபுத்தொடர்கள், முப்பது மரபுத்தொடர்கள் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் பட்டியல்களைப் பார்த்திருப்பீர்கள். இடது பக்கம் தொடர், வலது பக்கம் எல்லாவற்றுக்கும் ஒரே அர்த்தம்: கோபப்படுதல். சிக்கலே அந்த வலது பக்கத்தில்தான் இருக்கிறது. தமிழில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வதும், எரிந்து விழுவதும், வானத்துக்கும் பூமிக்குமாகக் குதிப்பதும் ஒன்றா? எல்லாமே கோபம்தான், ஆனால் மாமனார் சும்மா உம்மென்று இருந்ததைப் போய் ‘குதித்தார்’ என்று சொல்லி வைத்தால் வீட்டில் புதுசாக ஒரு சண்டை வரும். ஆங்கிலத்திலும் ஒவ்வொன்றுக்கும் ஓர் அளவு, ஓர் இடம் உண்டு.

முதலில் மரபுத்தொடருக்கு முன்னாலேயே வரும் தவறு. “ஹி இஸ் ஆங்ரி ஆன் மீ.” தமிழில் ‘என் மேல் கோபம்’ என்று சொல்லிச் சொல்லி, அந்த ‘மேல்’ அப்படியே ‘ஆன்’ ஆகிவிடுகிறது. ஆளிடம் கோபம் என்றால் ‘ஆங்ரி வித்’ அல்லது ‘ஆங்ரி அட்’, விஷயத்தைப் பற்றிய கோபம் என்றால் ‘ஆங்ரி அபவுட்’. மரபுத்தொடர்களும் இப்படித் தனக்கென்று ஒரு துணையோடுதான் வரும்: ‘லாஸ்ட் ஹிஸ் டெம்பர் வித் மீ’, ‘ப்ளூ அப் அட் மீ’, ‘ஸ்நாப்ட் அட் மீ’, ‘ஃபெட் அப் வித் திஸ்’. நம் ‘மேல்’ அப்படியே பொருந்துகிற ஓர் இடமும் இருக்கிறது. ஆபீஸில் மேனேஜர் கொடுத்த குடைச்சலை வீட்டுக்கு வந்து பிள்ளைகள் மேல் காட்டுவோமே, அதற்கு ‘டேக் இட் அவுட் ஆன் தி கிட்ஸ்’. இங்கே ‘ஆன்’ தாராளமாகப் போடலாம்.

அடுத்தது, இழப்பது என்ற பொருளில் வரும் ‘லூஸ்’ குடும்பம், இதில்தான் நிறையப் பேர் வழுக்கி விழுகிறார்கள். ‘லூஸ் யுவர் டெம்பர்’, ‘லூஸ் யுவர் கூல்’, வெறுமனே ‘லூஸ் இட்’, பிரிட்டனில் அதிகம் கேட்கிற ‘லூஸ் யுவர் ரேக்’, இவை கோபம். ஆனால் ‘லூஸ் யுவர் நெர்வ்’ கோபமே இல்லை, அது தைரியம் போய்விடுவது. நேர்காணலில் “ஒரு வாடிக்கையாளர் கத்தினார், ஐ லாஸ்ட் மை நெர்வ்” என்று சொன்னால், நீங்கள் பதிலுக்குக் கத்தியதாக எதிரில் இருப்பவர் புரிந்துகொள்ள மாட்டார், பயந்துபோய்ப் பின்வாங்கியதாகத்தான் நினைப்பார். ‘ஹி கெட்ஸ் ஆன் மை நெர்வ்ஸ்’ என்பதில் வரும் அதே சொல்தானே என்று தோன்றும். அது பன்மையில் இருக்கிறது, எரிச்சலூட்டுவது என்று அர்த்தம், இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ‘லூஸ் யுவர் ஹெட்’ என்றால் பதற்றத்தில் நிதானம் தவறுவது, ‘லூஸ் ஹார்ட்’ என்றால் மனம் தளர்ந்துபோவது. அப்புறம் எழுத்து: இழப்பதற்கு ஒரே ஒரு ‘ஓ’. இரண்டு ‘ஓ’ போட்டால் அது தொளதொள சட்டையின் லூஸ். இதை ஆங்கிலேயர்களே தப்பாக எழுதுவதை இணையத்தில் தினமும் பார்க்கலாம், அதற்காக நாமும் எழுத வேண்டியதில்லை.

‘எ பீஸ் ஆஃப் மை மைண்ட்’ இதே வகை. நன்றாக நாலு கேள்வி கேட்டுவிட்டேன் என்பதற்கு ‘ஐ கேவ் ஹிம் எ பீஸ் ஆஃப் மை மைண்ட்’. இந்தப் பீஸ் துண்டு. காதில் ஒரே மாதிரி விழுவதால் அமைதி என்ற பீஸைப் போட்டு எழுதிவிடுகிறார்கள், திட்டியவர் மன நிம்மதியை வாரி வழங்கியது போல் ஆகிவிடுகிறது.

இப்போது அளவு. ‘ஹிட் தி ரூஃப்’, ‘ப்ளோ எ ஃப்யூஸ்’, ‘ஃப்ளை ஆஃப் தி ஹேண்டில்’ மூன்றும் சட்டென்று வெடிக்கிற கோபம். கடைசித் தொடர் 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவிலிருந்து வந்தது. கோடாலியை ஓங்கும்போது பிடியிலிருந்து தலை கழன்று பறக்கிற காட்சி. பறந்தால் பறந்ததுதான், அரை நாள் பறந்துகொண்டே இருக்காது. அதனால் “எங்கள் பாஸ் காலையிலிருந்து ஹிட்டிங் தி ரூஃப்” என்பது காதில் உறுத்தும். உள்ளுக்குள் புகைந்துகொண்டே இருக்கிறார் என்றால் அதற்கு ‘ஃப்யூமிங்’ இருக்கிறது, இன்னும் காரமாக ‘சீத்திங்’ இருக்கிறது. இந்தத் தொடர்களின் உருவத்தையும் மாற்றக் கூடாது. ‘ரூஃப்’ இருக்கிற இடத்தில் ‘சீலிங்’ போடலாம், அது புழக்கத்தில் உள்ளது. ‘ஹிட்’டுக்குப் பதில் ‘டச்’ போட்டால் யாரோ ஏணி வைத்து ஏறிக் கூரையைத் தொட்ட கதையாகிவிடும். ‘த்ரூ தி ரூஃப்’ வந்தால் ஆளுக்கும் பொருந்தும், தக்காளி விலைக்கும் பொருந்தும். ‘ஹிட் தி சேக்’ தூங்கப் போவது, ‘ஹிட் தி ரோட்’ கிளம்புவது. ‘ஹிட்’ என்றாலே கோபம் என்று மனப்பாடம் செய்தவர்களுக்கு இது பொறி.

‘மேக்ஸ் மை ப்ளட் பாயில்’ நம் ‘ரத்தம் கொதிக்கிறது’தான், கிட்டத்தட்ட எடையும் அதேதான். முதியவரை ஏமாற்றிப் பணம் பறித்தார்கள் என்ற செய்திக்குச் சொல்லலாம், காபியில் சர்க்கரை குறைந்ததற்குச் சொன்னால் சிரிப்பார்கள். அந்த மாதிரி அன்றாட எரிச்சலுக்கு ‘ட்ரைவ்ஸ் மீ அப் தி வால்’ போதும்: மாடியில் இரவெல்லாம் ட்ரில் போடுகிறவர், பதில் போடாத குரூப் அட்மின். ‘லெட் ஆஃப் ஸ்டீம்’ பல பட்டியல்களில் கோபம் என்று இருக்கிறது, பாதிதான் சரி. அடைந்து கிடந்ததை இறக்கி வைப்பது அது. ஓடப் போவதும் பேட்மிண்டன் ஆடுவதும்கூட அதில் அடங்கும்.

நாடு மாறினால் அர்த்தம் மாறுகிறவை தனி ரகம். ‘மேட்’ அமெரிக்காவில் முதலில் கோபம், பிரிட்டனில் முதலில் பைத்தியம். ‘மேட் அபவுட் கிரிக்கெட்’ என்றால் எங்கேயும் கிரிக்கெட் பித்து. ‘மை பாஸ் டிக்ட் மீ ஆஃப்’ என்று லண்டன்காரர் சொன்னால் பாஸ் அவரைத் திட்டியிருக்கிறார், நியூயார்க்காரர் சொன்னால் பாஸ் அவருக்குக் கோபம் வரவைத்திருக்கிறார். ‘பிஸ்ட்’ இன்னும் மோசம்: அமெரிக்கருக்குக் கடுப்பு, பிரிட்டிஷ்காரருக்குக் குடிபோதை. ‘ஆஃப்’ சேர்த்தால் இரண்டு ஊரிலும் கடுப்புதான், ஆனாலும் அது கொச்சை. வெப் சீரிஸில் எல்லோரும் சொல்கிறார்களே என்று கிளையண்ட் மெயிலில் போட்டுவிடாதீர்கள்.

ஜாலியாகத் தோன்றி ஆளைக் கவிழ்க்கும் ஒன்று ‘கோ போஸ்டல்’. அமெரிக்கத் தபால் துறையில் ஊழியர்களே சக ஊழியர்களைச் சுட்ட சம்பவங்களிலிருந்து வந்தது. 1986 ஆகஸ்டில் ஓக்லஹோமா மாநிலம் எட்மண்ட் தபால் நிலையத்தில் ஓர் ஊழியர் சுட்டதில் சக ஊழியர்கள் 14 பேர் செத்தார்கள். வெறிபிடித்த கோபத்துக்கு இதைச் சிலர் வேடிக்கையாகச் சொல்கிறார்கள்தான், ஆனால் அமெரிக்க அலுவலகத்தோடு பேசும் ஃபோன் அழைப்பில் “டெட்லைன் தவறினால் எங்கள் லீட் கோஸ் போஸ்டல்” என்று சொல்லிப் பாருங்கள், மறுமுனையில் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

மெயிலில் உண்மையிலேயே கோபத்தைக் காட்ட வேண்டுமென்றால் மரபுத்தொடர் எதுவுமே தேவையில்லை என்பது என் கட்சி. மூன்றாவது முறையும் வேலை தாமதமானால் “வீ ஆர் வெரி டிசப்பாயிண்டட்” என்று எழுதி, எந்தத் தேதிக்குள் முடிக்க வேண்டும் என்பதைக் கீழே தனி வரியாகப் போடுங்கள். பிரிட்டிஷ் நிறுவனங்களோடு வேலை செய்தவர்களுக்கு அந்த ஒரு வரியின் சூடு நன்றாகவே தெரியும்.