ஒரே ஒரு லைட்டில் வீட்டுக்குள் காட்சி எடுப்பது எப்படி

குறும்படம் எடுக்கக் கிளம்புகிறவர்கள் எத்தனை லைட் வாடகைக்கு எடுக்கலாம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். ஒன்று போதும். ஆனால் அதை ஆன் செய்வதற்கு முன்னால் வீட்டு டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள். உச்சந்தலைக்கு மேலிருந்து விழுகிற வெளிச்சத்தில் கண்குழி இரண்டும் இருட்டாகிவிடும். மட்டமான டியூப் என்றால் முகத்தில் பச்சைச் சாயலும் ஏறும்.

பகல் நேரம், ஜன்னலோரம் ஒரு அம்மா முறத்தில் அரிசி வைத்துக் கல் பொறுக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அங்கே வெளிச்சம் ஜன்னல் வழியாகத்தான் வரும், அதனால் நம் லைட்டும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வர வேண்டும். ஜன்னலுக்கு வெளியே வைக்க முடிந்தால் நல்லது, மாடி வீடு என்றால் உள்ளேயே ஃபிரேமுக்கு வெளியே நிறுத்துங்கள். எல்இடியை 5600 கெல்வினில், அதாவது பகல் வெளிச்சத்தின் நிறத்தில் வைத்து, எது வெள்ளை என்று கேமராவுக்குச் சொல்லும் ஒயிட் பேலன்ஸையும் அதே எண்ணில் பூட்டிவிடுங்கள். ஆட்டோவில் விட்டால் ஷாட்டுக்கு ஷாட் நிறம் மாறி எடிட்டிங்கில் உயிரை வாங்கும்.

லைட்டை நேராக முகத்தில் அடிக்காதீர்கள். மூக்கு நிழல் கத்தி வெட்டியது மாதிரி கன்னத்தில் விழும். லைட்டுக்கு இரண்டடி முன்னால் ஒரு வெள்ளை வேட்டியை இழுத்துக் கட்டி, வெளிச்சம் துணி முழுக்கப் பரவுகிறதா என்று பாருங்கள், ஏனென்றால் முகத்துக்கு இப்போது வெளிச்சம் தருவது பல்ப் இல்லை, அந்தத் துணிதான். அது எவ்வளவு பெரிதாக, எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறதோ அவ்வளவுக்கு நிழலின் ஓரம் கரையும். 1956-இல் வந்த சத்யஜித் ராயின் ‘அபராஜிதோ’ படத்துக்கு ஸ்டுடியோவில் காசி வீட்டு முற்றம் செட் போட்டபோது, ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா மேலே வெள்ளைத் துணி விரித்து, கீழிருந்து அதில் லைட் அடித்துத் திருப்பித்தான் வானத்து வெளிச்சத்தைக் கொண்டுவந்தார். உங்கள் அறையின் வெள்ளைச் சுவரிலும் இதைச் செய்யலாம்.

அடுத்தது தூரம். லைட்டை இரண்டு மடங்கு தள்ளி வைத்தால் வெளிச்சம் பாதியாகாது, ஏறக்குறைய கால்பங்காகும். இதனால்தான் நடிகரைச் சுவரிலிருந்து நாலடியாவது முன்னால் கொண்டுவந்து, துணியையும் லைட்டையும் அவருக்குக் கிட்டே நகர்த்தச் சொல்கிறேன்: முகம் தெளிவாக இருக்கும், பின்சுவர் தானாக மங்கும். சுவரை ஒட்டி உட்காரவைத்துவிட்டு ‘டெப்த் (ஆழம்) வரலையே’ என்று புலம்பிப் பயனில்லை.

நிழல் விழும் கன்னத்துக்கு ஒரு தெர்மாகோல் ஷீட் போதும், கிட்டே கொண்டுவந்தால் நிழல் தெளியும், விலக்கினால் கனக்கும். சோகக் காட்சி என்றால் அங்கே கறுப்புத் துணியைத் தொங்கவிட்டுப் பாருங்கள். பல நேரம் லைட்டைக் கூட்டுவதைவிட இதுதான் காட்சியைத் தூக்கும்.

அப்புறம், மாநிறமோ கறுப்போ, அதற்காக முகத்தில் வெளிச்சத்தை ஏற்றி வெளுப்பாக்குவது நம் ஊர்ப் பழைய வியாதி. கறுத்த தோல் பெரிய வெளிச்சப் பரப்பைத் தன்மேல் பிரதிபலித்துக் காட்டும். துணியை நடிகருக்குப் பக்கவாட்டில் கொஞ்சம் பின்னால் தள்ளினால் கன்னத்து எலும்பிலும் நெற்றி ஓரத்திலும் மெல்லிய பளபளப்பு வரும், முகத்தின் வடிவம் அதிலேயே கிடைத்துவிடும்.

மின்சாரத்தில் விளையாட வேண்டாம். சாதாரண 6 ஆம்பியர் பிளக்கில் 1000 வாட் டங்ஸ்டன் லைட் (சூடாகி எரியும் இழை பல்ப்) ஒன்றுக்கு மேல் போடாதீர்கள், அந்தச் சூட்டுக்குப் பக்கத்தில் வேட்டியும் பட்டர் பேப்பரும் கூடாது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் கேமராவின் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 விநாடியில் வையுங்கள், இல்லையென்றால் படத்தில் வெளிச்சம் மினுக்கும். மலிவான எல்இடி, டிம் செய்தால் அப்போதும் மினுக்கும். பத்து விநாடி எடுத்து, பெரிய திரையில் ஓட்டிப் பார்த்துவிட்டு நடிகரைக் கூப்பிடுங்கள்.