கார் முன்கண்ணாடிச் சிப் ரிப்பேர்: ஸ்கூட்டரில் போய்ச் செய்யும் தொழிலை ஆரம்பிப்பது எப்படி?

கிணத்துக்கடவு, மதுக்கரைப் பக்கம் கல்குவாரிகள் இருப்பதால் கோவையைச் சுற்றியுள்ள சாலைகளில் ஜல்லி லாரிகளுக்குப் பஞ்சமே இல்லை. தார்ப்பாய் கட்டாத டிப்பருக்குப் பின்னால் போகும்போது முன்கண்ணாடியில் ‘டிக்’ என்று ஒரு சத்தம். வண்டியை ஓரங்கட்டிப் பார்த்தால் மிளகளவு ஒரு குழி. இதைத்தான் ‘சிப்’ என்கிறோம். “சரி, அப்புறம் பார்த்துக்கலாம்” என்று கிளம்பிவிடுவார்கள். பெரிய கண்ணாடிக் கம்பெனிகளைவிட இந்த ‘அப்புறம்’தான் நமக்குப் பெரிய போட்டி. இரண்டு மழை பெய்து, நான்கு நாள் வெயிலில் நின்று, ஏசியும் ஓடினால் அந்தக் குழி விரிசலாகிவிடும். அதன்பிறகு கண்ணாடியையே மாற்ற வேண்டியதுதான், நமக்கு வேலை இல்லை. விரிசலுக்கு முன்னால் காரிடம் போய்ச் சேருவது எப்படி என்பதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: எதைச் சரிசெய்ய முடியும்?

முன்கண்ணாடி என்பது இரண்டு கண்ணாடித் தகடுகள், நடுவில் பிவிபி என்ற பிளாஸ்டிக் படலம். கல் பட்டால் பெரும்பாலும் வெளித்தகடு மட்டுமே உடையும். உடைந்த இடத்தில் இருக்கும் காற்றை வெளியே இழுத்து, அங்கே ரெசின் என்ற திரவப் பிசினை நிரப்பி, புற ஊதா ஒளியில் இறுக வைப்பதுதான் நம் வேலை. கதவுக் கண்ணாடி டெம்பர்டு வகை. உடைந்தால் பொடிப்பொடியாகிவிடும், அதில் ரிப்பேர் என்ற பேச்சே இல்லை.

ஆரம்பத்தில் பத்து ரூபாய் நாணயத்துக்குள் மறையும் சிப்புகளை மட்டும் எடுங்கள். வட்டமாக உடைந்தது எளிது. நட்சத்திரம் மாதிரி கால்கள் விட்டது கொஞ்சம் கை பழகியபின். உள்தகடும் உடைந்திருந்தாலோ, விரிசல் கண்ணாடியின் ஓரத்தைத் தொட்டிருந்தாலோ, குழிக்குள் சேறும் ஷாம்பூவும் இறங்கிப் பல நாள் ஆகியிருந்தாலோ “மாற்றிவிடுங்கள் அண்ணா” என்று சொல்லிவிடுங்கள். ஓட்டுநரின் நேர்ப் பார்வையில் இருப்பதையும், கண்ணாடிக்குப் பின்னால் கேமரா பார்க்கும் இடத்தில் இருப்பதையும் புதியவர்கள் தொடாமல் இருப்பது நல்லது. சரிசெய்த பிறகும் லேசான தழும்பு தெரியும், அது கண்ணை உறுத்தும்.

படி 2: கருவிகள்

எல்லாம் ஸ்கூட்டர் பெட்டிக்குள் அடங்கிவிடும். கண்ணாடியில் ஒட்டி நின்று இன்ஜெக்டரைத் தாங்கும் சட்டமான பிரிட்ஜ், ரெசினை உள்ளே தள்ளும் இன்ஜெக்டர், ரெசினில் இரண்டு வகை (உள்ளே பாய நீர்த்தது, மேற்குழியை மூடக் கெட்டியானது), பேட்டரியில் எரியும் யூவி (புற ஊதா) விளக்கு, சிறு டிரில்லும் கார்பைடு முனைகளும், முகம் பார்க்கும் சிறு கண்ணாடி, ரேசர் பிளேடு, பாலிஷ். இவற்றோடு நம் ஊருக்கென்றே இரண்டு: பெரிய குடை ஒன்று, தொடாமல் வெப்பம் பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்று. ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கிட், சொந்த வண்டிக்கு ஒருமுறை முயன்று பார்க்கத்தான் லாயக்கு. காசு வாங்கிச் செய்யும் வேலைக்கு நல்ல இன்ஜெக்டரில் முதலீடு செய்யுங்கள், மிச்சம் பிடிப்பதை வேறெதிலாவது பிடியுங்கள்.

படி 3: பழைய கண்ணாடியில் பழகுங்கள்

கண்ணாடி மாற்றும் கடைகளில் கழற்றிப் போட்ட முன்கண்ணாடிகள் கிடக்கும், கேட்டால் கொடுப்பார்கள். ஆணி முனையால் தட்டித் தட்டிச் சிப் உண்டாக்கிப் பழகலாம். வரிசை இதுதான்: உதிரும் கண்ணாடித் துகளை ஊசியால் எடுப்பது, இன்ஜெக்டரைக் குழிக்கு நேரே பொருத்துவது, காற்றை உறிஞ்சுவது, அழுத்தம் கொடுப்பது. கருப்பாகத் தெரிந்த இடமெல்லாம் தெளியும்வரை உறிஞ்சலும் அழுத்தமும் மாறி மாறி நடக்க வேண்டும். அப்புறம் குழியில் கெட்டி ரெசின் வைத்து, மேலே படலம் ஒட்டி, யூவி ஒளி காட்டி, பிளேடால் சமமாகச் சுரண்டிப் பாலிஷ். பொறுமை போவது அழுத்தம் கொடுக்கும் கட்டத்தில்தான். உள்ளே காற்று இருக்கும்போதே விளக்கைக் காட்டிவிட்டால் அந்தக் காற்றுக்கு வெளியே வழியில்லை.

வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சூரிய ஒளியிலும் புற ஊதாக் கதிர் உண்டு, ரெசின் பாதி வழியிலேயே இறுகிவிடும். சித்திரை மதியத்தில் கண்ணாடி கையை வைக்க முடியாத அளவு கொதிக்கும், அந்த நேரத்தில் அழுத்தினால் நம் கையாலேயே விரிசல் ஓடும். சீக்கிரம் குளிரட்டும் என்று தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள், அதுவும் விரிசலில்தான் முடியும். நிழலில் நிறுத்தித் தானாக ஆறவிடுங்கள். காலை பத்து மணிக்கு முன்னும் மாலையிலும் வேலையை வைத்துக்கொண்டால் பாதித் தொல்லை இல்லை.

படி 4: காகித வேலை

சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவை ஆதார், பான் வைத்து அரசின் இணையதளத்தில் இலவசமாகவே செய்யலாம், தரகருக்குக் காசு அழ வேண்டாம். சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும்வரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. முதலீட்டுக்குக் கடன் வேண்டுமானால் முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை வங்கியில் கேட்கலாம். தொழில் பெயரில் ஒரு கரண்ட் அக்கவுண்ட், ஒரு யூபிஐ கியூஆர் அட்டை, ஒரு பில் புத்தகம். டிராவல்ஸ்காரர்கள் பில் இல்லாமல் காசு தர யோசிப்பார்கள்.

படி 5: விலை

போக்குவரத்து, ரெசின், உங்கள் ஒரு மணி நேரம், இவற்றைக் கூட்டி லாபம் வையுங்கள். ஒரே காரில் இரண்டாவது சிப்பைப் பாதி விலையில் செய்யலாம், போன செலவு மிச்சம்தானே. வாடிக்கையாளர் கட்டாயம் கேட்கப்போவது: “எதற்கு ரிப்பேர், இன்சூரன்சில் புதுசே போட்டுக்கலாமே?”

இதற்குப் பதில் தெரியாமல் தெருவில் இறங்காதீர்கள். கிளெய்ம் செய்தால், சொந்த சேதத்துக்கான பிரீமியத்தில் கிடைத்துவந்த நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் செய்யாதவருக்கான தள்ளுபடி) பொதுவாக அடுத்த ஆண்டு போய்விடும். அது முதல் ஆண்டு 20 சதவீதத்தில் தொடங்கி, ஐந்தாண்டு கிளெய்ம் இல்லாதவருக்கு 50 சதவீதம் வரை வந்திருக்கும். அந்தப் பிரீமியம் 10,000 ரூபாய் என்று வையுங்கள். பாதி கட்டிக்கொண்டிருந்தவர் அடுத்த ஆண்டு முழுதாகக் கட்ட வேண்டும், 5,000 ரூபாய் கூடுதல். மறுபடி 50 சதவீதத்தைத் தொட ஐந்து ஆண்டு. இது போக, 1500 சிசி வரையுள்ள கார்களுக்குக் கிளெய்மில் 1,000 ரூபாயைக் கட்டாயமாக உரிமையாளரே ஏற்க வேண்டும், அதற்கு மேற்பட்ட கார்களுக்கு 2,000. போனஸைக் காக்கும் கூடுதல் கவர் எடுத்தவருக்குக் கணக்கு மாறும். “உங்கள் பாலிசியை ஒருமுறை பாருங்கள்” என்று சேர்த்தே சொல்லுங்கள். இந்தக் கணக்கை ஒரு சின்னத் தாளில் அச்சடித்துக் கையில் வைத்திருங்கள். விளம்பரம் என்று பார்த்தால் இதைவிடப் பலமான நோட்டீஸ் கிடையாது.

படி 6: வாடிக்கையாளரைப் பிடிப்பது

கூகுளில் தொழில் பக்கம் திறந்து, வீட்டு முகவரியை மறைத்துவிட்டு, போகும் பகுதிகளை மட்டும் போடுங்கள்: பீளமேடு, சிங்காநல்லூர், சரவணம்பட்டி என்று. வேண்டியதுதான், ஆனால் அதை மட்டும் நம்பி உட்காராதீர்கள். இப்படி ஒரு ரிப்பேர் இருப்பதே தெரியாதவர் அதை எப்படித் தேடுவார்? காசு கொடுத்து ஆன்லைன் விளம்பரம் போடுவதை முதல் ஆறு மாதம் தள்ளிவைக்கலாம் என்பேன்.

அடுத்தவர் கார்க் கண்ணாடியைத் தினமும் உற்றுப் பார்ப்பவர்கள் யார்? வாட்டர் வாஷ் கடைப் பையன்கள்தான். சிப்பை முதலில் பார்ப்பது அவர்கள் கண். பேசி ஒரு கமிஷன் வையுங்கள், அதையும் வேலை முடிந்த அன்றே கொடுங்கள். அடுத்து பழைய கார் விற்பவர்கள். கண்ணாடியில் புள்ளி இருந்தால் வாங்க வந்தவர் அதைக் காட்டியே விலையைக் குறைப்பார், அதனால் உங்களைக் கூப்பிடுவார்கள். டாக்ஸி ஸ்டாண்டில் ஒரு அண்ணனுக்கு நன்றாகச் செய்து கொடுத்தால் ஸ்டாண்டு முழுக்கச் செய்தி போய்விடும். அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் சங்கச் செயலாளரிடம் அனுமதி வாங்கி, ஞாயிறு காலையில் பார்க்கிங்கில் இலவசப் பரிசோதனை. நிழல் இருக்கும், கார்களும் வரிசையாக நிற்கும். ஆனால் சிக்னலில் நிற்கும் காரைத் தட்டி, “சார், இப்பவே உடைஞ்சிடும்” என்று பயமுறுத்துவது மட்டும் வேண்டாம்.

இன்னொன்று, செலவு மிகக் குறைவு. சிப் விழுந்ததும் அதன்மேல் ஒட்டி வைக்க, உங்கள் எண் அச்சிட்ட அட்டையில் நாணய அளவு தெளிவான ஒட்டுப்படலங்கள் சிலவற்றை வைத்துக் கொடுங்கள். உடனே ஒட்டினால் தூசியும் தண்ணீரும் இறங்காது, ரிப்பேரும் சுத்தமாக வரும். டேஷ்போர்டு டிராயரில் கிடக்கும் அந்த அட்டை, கல் விழும் நாளில் உங்களைக் கூப்பிட வைக்கும்.

படி 7: போன் வந்ததும்

வாட்ஸ்அப் பிசினஸில் தயார் பதில் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்: “சிப் பக்கத்தில் பத்து ரூபாய் நாணயம் வைத்து ஒரு போட்டோ, தள்ளி நின்று முழுக் கண்ணாடியும் தெரிய ஒரு போட்டோ அனுப்புங்கள்.” முடியாத வேலைக்குப் பெட்ரோல் செலவழிக்க வேண்டியிருக்காது. போனதும் மூன்று விஷயங்களை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: தழும்பு கொஞ்சம் தெரியும், வேலை நடக்கும்போது விரிசல் ஓட வாய்ப்புண்டு, ஓடினால் ரிப்பேர்க் காசு வேண்டாம். முன்னும் பின்னும் போட்டோ எடுங்கள். ஃபாஸ்டேக் ஒட்டியிருக்கும் இடத்தில் வேலை என்றால் உரிமையாளரைக் கேட்காமல் அதைப் பிய்க்காதீர்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் சிப்புக்குள் ஈரம் நிற்கும். அதை முழுதாக உலர்த்தாமல் ரெசின் ஏற்றினால் மங்கலாகத் தெரியும், எனவே கூரையுள்ள இடமாகப் பார்த்து வரச் சொல்லுங்கள். ரிப்பேருக்கு அடங்காத கண்ணாடிகளை, மாற்றித் தரும் ஒரு நல்ல கடைக்கு அனுப்பிவிடுங்கள். அவர்களும் சின்னச் சிப்புகளை உங்களுக்குத் தள்ளிவிடுவார்கள், பழகுவதற்குப் பழைய கண்ணாடிகளும் அங்கிருந்தே வரும்.